புறாவுக்காக அடைத்த ஜன்னல்

தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை.

தீபாவளி விடியற்காலை. புனேயில், நிக்டியில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் மாடி பாத்ரூமின் கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது. மாடியில் யார், எவ்வளவு நேரம் குளிக்கிறார்கள் என்பது காபி கலந்துகொண்டே எனக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்காரி ஆனதிலிருந்து எனக்குக் காது கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்கிறது.

அன்று குளித்துக்கொண்டிருந்தவள் கௌசல்யா. மாடியில் குடியிருந்த பெண். கோயம்புத்தூர்க்காரி, ஹிஞ்ஜவடியில் கம்ப்யூட்டர் வேலை. அவளோடு இருந்த நாசிக் பெண் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தாள். கௌசல்யாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அவளுடைய அம்மா ரயிலேறி இங்கே வந்திருந்தார்.

அந்த அம்மா முதலில் குளித்துவிட்டு, தலையில் ஈரத்துண்டோடு, தட்டில் கச்சாயம் எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

“ஏனுங்க்கா, தீவாளிப் பலகாரமுங்க. ஊர்லயே சுட்டுக் கொண்டாந்துட்டனுங்க.”

தட்டை வாங்கிக்கொண்டேன். காது மட்டும் குழாயில் இருந்தது. “உங்க பொண்ணு இன்னுமா குளிக்கா?”

“அவளுக்கு முடி ஜாஸ்திங்க. எண்ணெய் போகோணுமில்லீங்களா.”

என் கணவர் சுந்தரம் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். “ஏளா, டேங்க் காலியாயிரப் போகுது. பாரு.”

எங்கள் பகுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அன்று வராத நாள். அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயத்தில் ஏறினேன் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். இல்லை. திட்டுவதற்குத்தான் ஏறினேன்.

ஹடப்சர் அன்பருக்கு

போன வாரம் இந்தப் பத்தியில் மொட்டை மாடி ஒழுகலைப் பற்றி எழுதியிருந்தேன். மழை இறங்கிய பிறகு தார் ஷீட் வாங்க ஓடாதீர்கள், மே மாதமே மேலே ஏறி வெடிப்பைப் பாருங்கள் என்று. அதைப் படித்துவிட்டு ஹடப்சரில் இரண்டு ஃபிளாட் வைத்திருக்கும் ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். “அம்மா, எப்போது பார்த்தாலும் வீட்டுக்காரர்களையே வைகிறீர்களே, குடியிருப்பவர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா?”

சொல்லலாம் ஐயா. டைல்ஸில் ஆணி அடிப்பவர்கள், சிங்க்கில் சோற்றைக் கொட்டுகிறவர்கள், காலி செய்யும்போது பல்பைக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள், எல்லாரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆணி அடித்த சுவரால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.

இங்கே வீட்டை வாடகைக்கு விடும் தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நானும் இருக்கிறேன், வெட்கமில்லாமல் இன்னமும் இருக்கிறேன். காலையில் சாமி படம் வரும். பத்து மணிக்கு மேல் புலம்பல் தொடங்கும். வருகிறவர் நம்ம ஆளா, கறி சமைப்பாரா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டால் வீட்டு நிர்வாகம் முடிந்தது என்பது அங்கே பொதுவான அபிப்பிராயம். பிளக் பாயின்ட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டு நான் படித்ததில்லை.

அதில் ஒருவர் ஒரு நுட்பம் சொன்னார். சுவரில் ஈரம் கசிகிறதா, புது ஆள் வீடு பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பெயிண்ட் அடித்துவிடுங்கள், ஆறு மாதம் தாங்கும். இதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. கசிவு எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? வேண்டாமாம். அது குடியிருப்பவர் பாடு. குழாய் தானாக இற்றுப்போனால் வயதாகிவிட்டது என்போம். அவர்கள் கைபட்டு இற்றுப்போனால் உடைத்துவிட்டார்கள் என்போம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதிலும், குடியிருப்பவரின் விவரத்தைப் போலீஸில் கொடுப்பதிலும் இந்தக் கூட்டத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. செய்ய வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறவனால் நமக்கு என்ன ஆபத்து என்று அத்தனை தாளில் எழுதி வாங்குகிறோம். நம் வீட்டால் அவனுக்கு என்ன ஆபத்து என்று எழுத ஒரு தாளும் கிடையாது.

நானும் குடியிருந்தவள்

கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் ஏரவாடாவில் ஒற்றை அறையில் இருந்தோம். தகரக் கூரை. மழைக்காலத்தில் கட்டிலை இழுத்து இழுத்து அறைக்குள்ளேயே ஊர்வலம் போவோம். வீட்டுக்காரர் ஒரு வெற்றிலைப் பிரியர். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் அண்ணாந்து பார்ப்பார். ஹிந்தியில், “வெயில் வந்தால் காய்ந்துவிடும்” என்பார். காய்ந்துவிடும் என்பது உண்மைதானே, அதனால் நாங்கள் திரும்பிவந்து கட்டிலை இழுப்போம்.

நமக்கென்று ஒரு வீடு வந்தால், அதில் நாலு பேரைக் குடிவைத்தால், இந்த மாதிரி இருக்கக்கூடாது என்று அப்போது என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். இவர் பிம்ப்ரியில் ஃபேக்டரி வேலை, நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எப்படியோ இழுத்துப் பிடித்து நிக்டியில் கீழும் மேலுமாகக் கட்டிவிட்டோம். கிரகப்பிரவேசத்து ஹோமப் புகை அடங்குவதற்குள் எனக்கு ஏரவாடா மறந்துபோயிற்று. மாடிக்கு வந்த முதல் குடித்தனக்காரர் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றபோது, “கீழே ஒரு டம்ளரை வையுங்க” என்று சொன்னவள் நான். வெற்றிலை மட்டும்தான் போடவில்லை.

சந்தோஷ் சொன்னது

கௌசல்யாவும் அவள் தோழியும் குடிவந்த சில மாதங்களில் மாடியிலிருந்த கரண்ட் கீசர் போய்விட்டது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு படிந்து உள்ளே கல்லாகிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்தால் பல வருஷம் உழைக்கும். நான் கூப்பிட்டதில்லை. கீழ் வீட்டு கீசருக்குக் கூப்பிடுவேன்.

கரண்டுக்குப் பதில் சிலிண்டரில் எரியும் கேஸ் கீசர் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மாட்டுவதற்கு வந்தவர் சந்தோஷ். எங்கள் பேட்டையில் எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாம் அவர்தான். பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வெளியே பால்கனிச் சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோவோம் என்றார்.

வெளியே மாட்டினால் சுவரை உடைக்கணும், வீட்டு முகப்பு கெட்டுப்போகும், உள்ளேயே மாட்டு என்றேன். அவர் மாட்டினார். மாட்டிவிட்டு, மேலே இருந்த சின்ன ஜன்னலைக் காட்டி, “காக்கூ, கிட்கி பந்த் கரூ நகா. ஹவா பாயிஜே” என்றார். சித்தி, ஜன்னலை மூடாதீர்கள், காற்று வேண்டும். நாற்பது வருஷம் புனேயில் இருப்பவளுக்கு இந்த மராத்தி புரியாதா? நன்றாகப் புரிந்தது.

இதைப் படிக்கும் வீட்டுக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் எரிவதற்குக் காற்று போதாவிட்டால் ஒரு விஷவாயு உண்டாகிறது. அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. கேஸ் நாற்றம் வந்தால் தெரிந்துவிடுமே என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டே விழுந்துவிடுவார்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியேதான் மாட்ட வேண்டும். இதில் பேரம் பேசாதீர்கள்.

டியூஷன் போர்டு

அப்புறம் புறா வந்தது. புனேயில் வீட்டுக்காரனுக்கு வீட்டுக்காரன் புறாதான். ஒப்பந்தம் இல்லாமல் குடிவரும், காலி செய்யாது. அந்தச் சின்ன ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவில் குச்சி வைத்துக் கூடு கட்டிவிட்டது. குளிக்கிற இடமெல்லாம் எச்சம்.

கௌசல்யா கீழே வந்து சொன்னாள். “ஆன்ட்டி, ஒரு வலை மட்டும் அடிச்சுக் குடுத்தீங்கன்னாப் போதுங்க.”

எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள் பாருங்கள். வலைக்கு அளவெடுக்க வேண்டும், ஆளைக் கூப்பிட வேண்டும். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் புறாவுக்கா வலை அடிப்பேன்? பரணில் என் பழைய டியூஷன் போர்டு கிடந்தது. ‘கணக்கு சொல்லித் தரப்படும்’ என்று மூன்று மொழியில் எழுதிய அக்ரிலிக் பலகை. ஜன்னல் அளவுக்கு இவர் அறுத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் நானே ஸ்டூல் போட்டு ஏறி, சுற்றிலும் சிலிக்கான் பசை வைத்து ஒட்டினேன். எழுத்துப் பக்கம் வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே. ஒரு துளி இடைவெளி இல்லை. இறங்கி நின்று பார்த்து, ஆளைக் கூப்பிடாமல் வேலையை முடித்த பெருமையில் காபி குடித்தேன்.

அப்போது எனக்கு சந்தோஷ் சொன்னது நினைவுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. கதவுக்குக் கீழே இடுக்கு இருக்கிறதே, காற்று வராமலா போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் அவசரமாக இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடுகிற பிள்ளைகள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் நான் செய்தது சரி என்றே ஆகிவிட்டது.

தீபாவளி அப்படி இல்லை. உடம்பெல்லாம் நல்லெண்ணெய், இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி, சீயக்காய், கொதிக்கக் கொதிக்க வெந்நீர். முதலில் அம்மா, கீசரை அணைக்காமல் அடுத்து மகள்.

பிளாஸ்டிக் கதவு

மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். “என்னம்மா இது, ஊர்த் தண்ணியெல்லாம் நீயே குளிச்சுருவியா?”

பதில் இல்லை. பலமாகத் தட்டினேன். கதவின் கீழிடுக்கில் சீயக்காய் நுரையோடு தண்ணீர் வந்து என் காலை நனைத்தது. வெந்நீர். பேரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வந்த அவள் அம்மா தலைத்துண்டைக் கீழே போட்டுவிட்டு நிற்கிறார்.

“கண்ணு! கண்ணு, கதவத் தொறடா!”

இவர் கீழிருந்து ஓடிவந்து தோளால் ஒரு மோது மோதினார். தாழ்ப்பாள் கழன்று கதவே மடங்கி உள்ளே விழுந்தது. மாடி வீட்டுக்கு இது போதும் என்று நான் தேடிப் பிடித்து வாங்கிய மட்டமான பிளாஸ்டிக் கதவு. கீழ் வீட்டில் போட்டது போல நல்ல கதவாகப் போட்டிருந்தால் உடைத்திருக்க முடியாது. என் கஞ்சத்தனத்தால் அந்தப் பிள்ளைக்கு நேர்ந்த ஒரே நன்மை அது.

சுவரில் சாய்ந்தபடி சரிந்து கிடந்தாள். கீசர் எரிந்துகொண்டிருந்தது. இவர் ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். நானும் அவள் அம்மாவும் புடவையைச் சுற்றி அவளை பால்கனிக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டோம். மூச்சு இருந்தது. கன்னத்தைத் தட்டினால் கண் பாதி திறந்து மூடியது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். அவள் அம்மா வழி முழுக்க அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சிறு வயது டாக்டர். கேஸ் கீசரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்து, “பாத்ரூமில் ஜன்னல் இருக்கிறதா?” என்று ஹிந்தியில் கேட்டார்.

அவள் அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. என் முகத்தைப் பார்த்தார்.

“இருக்கு” என்றேன்.

பொய் இல்லை பாருங்கள். ஜன்னல் இருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள், விடை சரியாக இருந்தாலும் வழி தப்பாக இருந்தால் மதிப்பெண் கிடையாது என்று எத்தனை பேரைக் குட்டியிருப்பேன்.

மத்தியானம் அவளுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னதும் நான் முதலில் செய்த காரியம், துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கத்தியால் பசையைச் சுரண்டி அந்தப் பலகையைப் பெயர்த்து, நாலாக உடைத்து, கோணியில் கட்டிக் குப்பை வண்டிக்குப் போட்டேன். இவர் வாசலில் நின்று பார்த்தார்.

“சொல்லிரலாம்ளா” என்றார்.

“யார்கிட்ட? சொல்லி என்ன ஆகப் போகுது? பிள்ளைதான் பிழைச்சிருச்சுல்லா” என்றேன். இவர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு கீழே போனார். இவர் அறுத்துக் கொடுத்த பலகை அல்லவா.

துணிப்பையோடு நான் திரும்பிப் போனபோது அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நீங்க மட்டும் மேல ஏறி வரலீன்னா என்ற புள்ளை இல்லீங்க்கா. சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சீங்க பாருங்க. எங்க குலசாமியாட்டம் வந்தீங்க.”

நான், “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்று சொன்னேன். அடக்கமாகச் சொன்னேன். கேட்டவர்களுக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்திருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்றும் நின்றதில்லை.

வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. குடியிருந்த பெண்ணைக் காப்பாற்றிய வீரத்தாய் என்று பூங்கொத்துப் படங்கள் வந்து குவிந்தன. வீட்டுக்காரர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெயிண்ட் நுட்பக்காரர் எழுதினார். நான் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டேன்.

மறுவாரமே சந்தோஷைக் கூப்பிட்டு கீசரை வெளிச்சுவருக்கு மாற்றினேன். முகப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. சந்தோஷ் ஸ்டூலில் ஏறியவர், சட்டத்தைச் சுற்றி ஒட்டியிருந்த பசையை நகத்தால் தடவிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “மீ சாங்கித்லா ஹோதா, காக்கூ” என்றார். நான் சொல்லியிருந்தேனே. வலையை அடித்துவிட்டுப் போனார்.

காலி செய்த நாள்

கௌசல்யா அதற்குப் பிறகும் எங்கள் மாடியில்தான் இருந்தாள். ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று அம்மா எவ்வளவோ சொன்னார், அவள் கேட்கவில்லை. என்னோடு முன்போலவே சிரித்துப் பேசினாள். அந்தக் காலைநேரம் அவளுக்குச் சரியாக நினைவில்லை போலிருக்கிறது, விழுந்ததில் ஜன்னல் விஷயமெல்லாம் மறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சௌகரியமான நம்பிக்கை.

அடுத்த மழைக்கு முன்னால் சென்னைக்கு மாற்றல் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியைக் கொடுக்கக் கீழே வந்தாள். இவர் வீட்டில் இல்லை. அவள் போய்விட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. அவளை உட்காரச் சொன்னேன்.

“கௌசல்யா, அந்தத் தீபாவளிக்கு... அந்த பாத்ரூம் ஜன்னலை நான்தான்...”

“தெரியுங்க ஆன்ட்டி.”

நான் அவளையே பார்த்தேன். அவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

“நான் குளிக்கப் போறப்ப மூடியிருந்துச்சுங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்து பார்த்தா தொறந்திருந்துச்சுங்க. இதுல தெரியறதுக்கு என்னங்க இருக்குது?”

“உங்க அம்மாகிட்ட?”

“சொல்லலீங்க. அவங்க இன்னும் உங்க பேரச் சொல்லித்தான் வெளக்கேத்தறாங்க.”

கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் குரலில் கோபமே இல்லை.

“அதுக்கப்புறம் காலி பண்ற வரைக்கும் பாத்ரூம் கதவச் சாத்தாமத்தானுங்க குளிச்சேன். ஃப்ரெண்டு வெளிய காவலுக்கு உக்காந்துக்குவா. கீசர வெளிய மாத்துனது தெரியுமுங்க, ஆனாலும் சாத்த முடியலீங்க.”

தினமும் காபி கலந்துகொண்டே நான் கேட்ட தண்ணீர்ச் சத்தம், திறந்த கதவுக்கு உள்ளிருந்து வந்த சத்தம். என் காதுக்கு அது தெரியவில்லை.

“ஏம்மா, என்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. சண்டை போட்டிருக்கலாமே. எத்தனை நாள் இப்படி மனசுல வச்சுக்கிட்டு...”

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வண்டிக்காரர் வெளியே ஹாரன் அடித்தார்.

“கேட்டிருந்தா காலி பண்ணச் சொல்லியிருப்பீங்க ஆன்ட்டி.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். மறுப்பதற்கு எனக்கு நேரம் கொடுத்தாள். நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன்.

சொல்லியிருப்பேன்.